அசையாதீங்கம்மா

"அசையாதீங்கம்மா! வெளிச்சத்தைக் கூட்டிக் கொறைச்சு மூணு படம் எடுத்து ஒண்ணாச் சேர்க்கணும். நடுவுல அசைஞ்சா ரெட்டையா விழுந்துரும்" என்றான் படம் பிடிக்க வந்த கிஷாந்த்.

மழை விட்ட நேரம் பார்த்து, டிக்கோயாவிலிருந்து நடந்தே ஏறி வந்த களைப்பு அவனுக்கு. தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தின் இருட்டான அறையில் அம்மா இருப்பதும், ஜன்னலுக்கு வெளியே தேயிலை மலையும் ஒரே படத்தில் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். கொழும்பில் வேலை செய்யும் சண்முகவடிவின் மகளுடைய ஆசை அது.

நாளெல்லாம் கொழுந்து பறித்த சண்முகவடிவு மறுபடியும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முக்காலியில் நின்ற கேமராவில் அவன் எடுத்துச் சேர்த்துப் பார்த்தான். மறுபடியும் இரட்டை.

"அசைஞ்சிட்டீங்கம்மா."

"மூச்சைக்கூட அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன் தம்பி."

"அப்ப காத்துல செடி ஆடியிருக்கும்."

"காத்தே இல்லீங்களே."

அலுப்போடு படத்தைப் பெரிதாக்கினான். அவள் முகம் தெளிவாக இருந்தது. ஜன்னல் சட்டமும் தெளிவாகத்தான் இருந்தது. வெளியே, செடிகளோடு மேட்டில் நின்ற கரண்ட் கம்பமும் இரண்டாகத் தெரிந்தது.

காற்றில் செடி ஆடலாம். சிமெந்துக் கம்பம் ஆடுமா?

அவள் கையைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"ஓடுங்கம்மா! மலை சரியுது! எல்லாரையும் கூப்பிடுங்க!"

லயத்துச் சனம் முழுவதும் அலறிக்கொண்டு எதிர்ப்பக்கக் கோயில் மேட்டில் ஏறி நின்றபோது, மண் இறங்கி வந்து லயத்தை மூடியது.

சண்முகவடிவுதான் முதலில் அவன் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ தம்பி, ஒங்க கேமரா உள்ள போயிருச்சே!"