ஷாமிளாவின் பழுப்புப் பெட்டி

"இன்னொருக்கா பொத்தான அமுக்குங்க."

"அமுக்கி அமுக்கி விரலே தேஞ்சு போச்சு புள்ள!" என்றான் அவள் புருஷன் இந்திரகுமார்.

ஷாமிளா கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி, காலையிலிருந்து உள்ளே தலையை விட்டிருந்தாள். வெளியே தெரிந்தது அவளுடைய பின்னல் மட்டும்தான்.

அந்தப் பெட்டியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பழுப்பேறிய நிறம், ஃப்ளொப்பி போடும் வாய், முன்னால் ஒரு பூட்டும் சாவியும். பார்த்தால் அந்தக் காலத்துத் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டரேதான். ஆனால் அத்தனையும் புத்தம் புதுசு. பழசு மாதிரி இருப்பதுதான் இப்போது ஸ்டைலாம். ஒவ்வொரு பாகமாகக் கொழும்பிலிருந்து வரவழைத்து, யூடியூபைப் பார்த்து அவளே பொருத்தியது. நேற்றுச் சாயங்காலம் அதற்கு உயிர் வந்ததும் அவள் போட்ட ஆட்டத்தில் லயத்து வீட்டுக்காரர்கள் எல்லாருமே வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

இன்று பேச்சு மூச்சில்லை.

பத்து மணிக்குக் கொழும்பு ஸ்டூடியோக்காரர்கள் ஆன்லைனில் பரீட்சை வைக்கிறார்கள். கல்யாண வீடியோ வெட்டி ஒட்டும் வேலை. இது ஓடாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"இதுக்குத்தான் தெரணியகலைக் கடையில ரெடியா எடுப்போம்னேன். என் த்ரீவீல் ஆட்டோவ நானா கோத்தேன்? கம்பெனிக்காரன் குடுத்தான், சாமி கும்புட்டேன், ஓட்டுறேன்."

"கடைக்காரன் உள்ளுக்கு என்னாத்தப் போட்டுத் தர்றான்னு உங்களுக்குத் தெரியுமா? இதுல ஒவ்வொரு ஸ்க்ரூவும் எனக்குத் தெரியும்!"

"தெரிஞ்சு என்னா, எழும்ப மாட்டேங்குதே!"

ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். வயர்களைப் பிடுங்கிச் செருகினாள். கரண்டும் இருந்தது. அவன் அமுக்கிக்கொண்டே இருந்தான். ஒன்றும் நடக்கவில்லை.

மணி பத்தை நெருங்கியது. பின்னல் மெல்லக் குலுங்கியது.

"நீங்க சொன்னதுதான் சரிங்க. எனக்கு இதெல்லாம் வராது. வித்துருவோம்."

இந்திரகுமாருக்கு நெஞ்சு தாங்கவில்லை. வாய்தான் கேலி பேசியதே தவிர, நேற்று அவள் ஆடியதில் அவளைவிட அவனுக்குத்தான் சந்தோஷம்.

"அனே, அழாத புள்ள. கட்டாயம் ஓடும். அதுக்காகத்தானே நீ எழும்புறதுக்கு முன்னமே மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன்."

பின்னலோடு தலையும் வெளியே வந்தது. "கம்ப்யூட்டருக்கா?"

"பின்ன? என் த்ரீவீலுக்குச் செஞ்சேன்ல? உன் மிஷினுக்குச் செய்ய மாட்டேனா?"

சட்டைப்பையில் கைவிட்டு, குங்குமம் அப்பிய ஒரு குட்டிச் சாவியைப் பெருமையாக நீட்டினான்.

"திருகி உருவிக்கிட்டுப் போய் அம்மன் பாதத்துல வச்சு எடுத்தாந்தேன்!"

ஷாமிளா அதைப் பறித்து, பொத்தானை முடக்கி வைத்திருந்த பூட்டைத் திறந்து, ஒரே ஒரு தடவை அமுக்கினாள். பழுப்புப் பெட்டி ஜம்மென்று எழும்பியது.