எழுத்து அபாரம், ஆள் யார்?

"சார், இதை எழுதினவரைக் கண்டுபிடிச்சா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்க. நேர்ல பார்த்துக் கை குடுக்கணும்," என்றார் பேனா வியாபாரி.

பல் டாக்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் நீட்டியது மொட்டைக் கடிதம். அவருடைய மகளைப் பற்றி மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. பெண்ணுக்கு வாய் நீளம், வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது, கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும் என்று ஒரு பக்கம் நிறைய எழுதியிருந்தது. எழுதியவனைப் பிடித்து வந்தால் மேற்கொண்டு பேசலாம் என்று சொல்லி அவர்கள் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள்.

கடிதம் மைப் பேனாவால் எழுதியது. மைப் பேனா பைத்தியங்கள் எல்லாம் வார இறுதியில் ஒரே கூடத்தில் கூடுகின்றன என்று தெரிந்ததும், மகளைக் காரோட்டச் சொல்லி டாக்டர் கிளம்பிவிட்டார்.

வந்த இடத்தில் மானம் போனதுதான் மிச்சம். மேஜைக்கு மேஜை லென்ஸ் வைத்துப் பார்த்தார்கள். அச்சடித்த மாதிரி எழுத்து என்று உச்சுக் கொட்டினார்கள். ஒருவர் போட்டோ எடுத்துக்கொண்டார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருத்தரும் படிக்கவில்லை. மகள் வாயே திறக்காமல் பின்னால் வந்தாள். பாவம், குழந்தை அவமானத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசி மேஜையில் அவருடைய சகலை உட்கார்ந்திருந்தார். டாக்டரின் சந்தேகமெல்லாம் அவர்மேல்தான். பேனா என்றால் உயிரை விடுகிற ஆசாமி. டாக்டர் பல் மாற்றிப் பிடுங்கிவிட்டதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"இது உன் வேலைதானே?"

சகலை கடிதத்தை வாங்கிப் பார்த்தார். நல்ல பல்லைப் பிடுங்கிய அன்றுகூட அவர் முகம் அப்படிக் கோணியதில்லை.

"அண்ணே, பல்லுக்கு வேணா உங்களை மன்னிச்சுடறேன். இதை நான் எழுதினேன்னு சொல்றீங்க பாருங்க, அதை மன்னிக்க முடியாது. பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி ஒரு மை. தள்ளுபடியில வாரி விடுற கடைச் சரக்கு. இதை நான் கையால தொடுவேனா?"

அந்த அருவருப்பு நடிப்பில்லை என்று டாக்டருக்கே தெரிந்தது. இனி யாரைப் போய்க் கேட்பது? இவ்வளவு நல்ல சம்பந்தம் கைநழுவிப் போகிறதே என்று முனகியபடி கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போகலாம் என்று மகளைக் கூப்பிட்டார்.

அவள் நகரவில்லை. முகம் சிவந்து சித்தப்பாவையே முறைத்துக்கொண்டு நின்றாள்.

"கடைச் சரக்கா? மூணு மையைக் கலந்து அந்த நிறத்தைக் கொண்டுவர நான் ஒரு மாசம் பாடுபட்டேன், சித்தப்பா."