ஒரே பக்கமாக

அந்தக் கல்லூரியில் மருந்து தயாரிப்புப் பாடம் நடத்த வந்த முதல் பெண் ரூபாவதி மேடம். ஆய்வகத்தில் வளையல் சத்தம் இடைஞ்சலாக இருக்கிறது என்று ஆண் ஆசிரியர்கள் முணுமுணுத்த அன்றே, வளையல்களைக் கழற்றி ஒரு கண்ணாடிச் சீசாவில் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைத்துவிட்டார். ஓய்வு பெறும்வரை அது அங்கேயே இருந்தது. இப்போது அவருக்கு முகங்கள் நினைவில் நிற்பதில்லை. ஆய்வகத்துக்கு அவர் பெயரைச் சூட்டிய விழாவில், அவரிடம் படித்து இப்போது மருந்துக் கம்பெனி நடத்தும் அருளப்பன் காலைத் தொட்டு வணங்கியபோதும், "யாருப்பா நீங்க?" என்றுதான் கேட்டார். பிறகு பழைய மாணவர்கள் எல்லோரும் நரைத்த தலைகளோடு மேசைகளின் முன் நின்று, அந்தக் காலம்போலவே பீங்கான் கல்வங்களில் விளக்கெண்ணெயையும் கோந்தையும் சேர்த்து, பால்போன்ற மருந்தாக அரைக்கத் தொடங்கினார்கள். சடசடவென்று சத்தம் வரும்வரை குழவியை ஒரே பக்கமாகச் சுற்ற வேண்டும். பக்கம் மாறினால் எண்ணெய் பிரிந்துவிடும். மேடம் கண்ணை மூடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அருளப்பனுக்குத் தோள் வலித்தது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று, படிக்கும்போது செய்ததைப் போலவே, குழவியை மெல்ல எதிர்ப்பக்கம் சுற்றினான். கல்வத்தின் சத்தம் லேசாக மாறியது.

"அருளப்பா," என்றார் மேடம், கண்ணைத் திறக்காமலே. "கொட்டிட்டு முதல்லேர்ந்து ஆரம்பி."

எல்லாக் குழவிகளும் நின்றன.

"மத்தவங்க ஏன் நிறுத்திட்டீங்க?"

அருளப்பன் கல்வத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனான். முதுகைக் காட்டி நின்றபடி, வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தான்.