சாட்சி நேரம்

எதிர்மாடியில் ஆராதனை தொடங்கிவிட்டது.

அடுப்பைத் தணித்துவிட்டு இவள் ஜன்னலோரம் வந்து நின்றாள்.

ஸ்பீக்கரில் ஜெபக்கனியின் பாட்டு. வழக்கம்போல உச்சத்தில் எடுத்துவிட்டாள். இரண்டாம் சரணத்தில் சபை மொத்தமும் மூச்சு வாங்கப்போகிறது. முன்பெல்லாம் இவள்தான் முழங்கையால் இடித்து அவள் சுருதியைக் கீழே இறக்குவாள்.

இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் பாய். கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. தட்டித் தட்டிச் சிவந்த உள்ளங்கை.

அந்தச் சபையில் மருந்து கூடாது. ஜெபம் மட்டும்தான்.

மகனுக்கு டைபாய்டு வந்தபோது இவள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதுகூடப் பெரிதில்லை. தலைவலி மாத்திரையை முந்தானையில் முடிந்துவைக்காத பெண்கள் அங்கே குறைவு. இவள் செய்த பிழை வேறு. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் எழுந்து, அந்த ஊசிக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லிவிட்டாள்.

பாஸ்டர் முகம் கறுத்தது. இவள் உட்காரவில்லை.

"ஊசி கண்டுபிடிச்சவனுக்கு அறிவக் குடுத்தது யாரு பாஸ்டர்?"

அடுத்த வாரம் சபையில் இவளுக்குப் பாய் விரிக்க இடம் இல்லை. அன்றுமுதல் தெருவில் யாரும் இவளுக்கு ஸ்தோத்திரம் சொல்வதில்லை. ஜெபக்கனியும்தான்.

மகன் இப்போது கல்லூரிக்குப் போகிறான். பாஸ்டரிடம் கேட்டதற்காக இவள் ஒருநாளும் வருந்தியதில்லை. பாட்டுக்குத்தான் ஏங்கினாள். ஏங்கி ஏங்கி, சோறு வடிக்கும்போதுகூடக் கை தானாகத் தாளம் போடும்.

போன வாரம் மத்தியானம் கொல்லைக் கதவை யாரோ தட்டினார்கள். ஜெபக்கனி. தோளில் அனலாய்க் கொதிக்கும் பேத்தி.

இவள் கை நீட்டிப் பிள்ளையை வாங்கிக்கொண்டாள். ஆட்டோ பிடித்து அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். திரும்பும்போது இவள் தெருமுனையிலேயே இறங்கிக்கொண்டாள். கூட வந்ததை யாரும் பார்த்துவிட்டால் ஜெபக்கனிக்குத்தான் கஷ்டம்.

மாடியில் பாட்டு முடிந்தது. சாட்சி நேரம்.

ஜெபக்கனியின் குரல். பேத்தி சாகக் கிடந்தாள் என்றது. கர்த்தர் சுகம் தந்தார் என்றது.

இவள் லேசாகச் சிரித்துக்கொண்டாள். எல்லோரும் சொல்வதுதான். போகட்டும், பிள்ளை பிழைத்ததே.

அடுப்பின் பக்கம் திரும்பினாள்.

"எதுத்த வீட்டு அக்கா கையில ஆண்டவரு..."

ஜெபக்கனி முடிக்குமுன் ஸ்பீக்கர் நின்றுபோனது.

கரண்ட் போகவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

இவள் பரணிலிருந்து தன் பழைய பாயை எடுத்து உதறினாள். வாசல் கதவைத் திறந்து வைத்தாள்.

பாயைச் சுவரோரமாகத் தள்ளி விரித்தாள். பக்கத்தில் இன்னொரு பாய்க்கு இடம் இருந்தது.