பந்து எறிந்த கை

“பந்து எறிஞ்சா கை உடையுமாடா? காதுல பூ சுத்தறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

மருத்துவமனை வராந்தாவில் அக்கா குரலைத் தாழ்த்தவே இல்லை. தம்பி மனைவியின் காதில் விழட்டும் என்றுதான் பேசினாள்.

அவளோ இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆறு வயதுச் சிட்டு. இடது கையைக் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார்கள். சிட்டுவைப் பெற்றவள் போய்ச் சேர்ந்த பிறகு, இவள் சித்தியாக வீட்டுக்கு வந்தாள். வந்த நாளிலிருந்து அக்காவின் ஒரு கண் இவள் மேல்தான்.

“அக்கா, குழந்தையே சொல்றாளே. பந்தை வீசினப்போ டக்குன்னு சத்தம் கேட்டுச்சாம்” என்றான் தம்பி.

“குழந்தை சொல்லுது. சொல்லிக் குடுத்தது யாரு?”



அக்காவின் காலடியில் ஒரு பை இருந்தது. உள்ளே சிட்டுவின் துணிமணிகள், பல் துலக்கும் பிரஷ், ஒரு காது பிய்ந்த பொம்மை முயல். யாரோ அடித்து உடைந்த கை என்று டாக்டர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், குழந்தையை இப்படியே தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். தம்பியிடம் நேற்றே சம்மதம் வாங்கியாயிற்று.

டாக்டருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்றே அவளுக்குத் தோன்றியது. இல்லாவிட்டால் காலையில் போன் செய்து, “எக்ஸ்ரே ரூம்ல குழந்தைகூட இருந்தவங்க கண்டிப்பா வரணும்” என்று ஏன் சொல்ல வேண்டும்?

கூட இருந்தது அக்காதான். நேற்று குழந்தை துடியாய்த் துடித்தது. அசையாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். சித்திக்காரி எழுந்தாள். “உடைச்சது போதும், நீ பிடிக்கவும் வேணாம்” என்று அவளை ஓரங்கட்டிவிட்டு அக்காவே உள்ளே போனாள்.

‘சாட்சி சொல்லத்தான் கூப்பிடறார். சொல்றேன், நல்லாவே சொல்றேன்.’

நர்ஸ் அழைத்தாள். அக்கா பையைத் தூக்கியதும் வலது மணிக்கட்டு சுரீரென்றது. நாள் முழுக்கத் தையல் கடையில் கத்தரிக்கோல் பிடிக்கிற கை, வலிக்காமல் என்ன செய்யும்? பையை இடது தோளில் மாட்டிக்கொண்டு, வலது கையை இறுக்கிய கடிகார வாரை ஒரு ஓட்டை தளர்த்தியபடி உள்ளே நுழைந்தாள்.

“குழந்தை கையைப் பிடிச்சிருந்தது யாரு?” டாக்டரின் முதல் கேள்வியே அதுதான்.

“நான்தான்.” அக்கா முந்திக்கொண்டாள். “வேற யாரையும் நான் தொட விடல.”

டாக்டர் தலையை ஆட்டினார். அவர் பார்வை அவளுடைய கைக்கடிகாரத்தில் போய் நின்றது. சுவரில் அவ்வளவு பெரிய கடிகாரம் இருக்கும்போது இவருக்கு என்ன அவசரம்?

“நேரமாகுதா டாக்டர்? ஒரே கேள்விதான். யாராவது அடிச்சாத்தானே இப்படி உடையும்?”

“அண்ணி, நான் ஒரு நாள்கூட இவமேல கை வச்சதில்ல.” தம்பி மனைவியின் குரல் உடைந்தது.

‘நல்லா நடிக்கிறா’ என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

டாக்டர் படத்தை விளக்குப் பலகையில் செருகினார்.

“தோளுக்குக் கீழே பாருங்க. எலும்புக்குள்ள ஒரு பொந்து. அதுல தண்ணி கோத்திருக்கு. சுத்தியிருக்கிற எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிஞ்சுபோச்சு. இடது கைக்காரக் குழந்தையா?”

“ஆமா டாக்டர்” என்றான் தம்பி.

“அப்ப பந்து எறிஞ்சதே போதும்.”

“தண்ணின்னு எப்படிச் சொல்றீங்க? வெட்டியா பாத்தீங்க?” அக்கா விடவில்லை.

“உடைஞ்ச சில்லு ஒண்ணு பொந்தோட அடியில கிடக்குது, தெரியுதா? உள்ளே கெட்டியா ஏதாவது இருந்தா அது விழ வழியில்ல. தண்ணிங்கிறதால இறங்கிடுச்சு. ஓரமும் கோடு போட்ட மாதிரி சுத்தமா இருக்கு. பயப்பட வேண்டிய கட்டி இல்ல. எலும்பு கூடிடும், பொந்தை அப்பப்ப படம் எடுத்துப் பாத்துக்கலாம். யாரும் அடிக்கல.”

தம்பி பெருமூச்சு விட்டான். சிட்டு தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

“அப்போ நான் அத்தை வீட்டுக்குப் போக வேணாமா சித்தி?”

சித்தி அவளை அணைத்துக்கொண்டாள். அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை. மூன்று பேரும் சேர்ந்து தன்னை முட்டாளாக்குவதுபோல இருந்தது.

“இவ்வளவுதான் விஷயம்னா அதைப் போன்லயே சொல்லியிருக்கலாமே. என்னை எதுக்கு வேலை மெனக்கெட்டு வரச் சொன்னீங்க? எதையோ மறைக்கிறீங்க.”

டாக்டர் பென்சிலை எடுத்துப் படத்தின் கீழ் ஓரத்தில் வைத்தார்.

குழந்தையின் முழங்கையைப் பிடித்தபடி ஒரு பெரிய கை அங்கே பதிவாகியிருந்தது, கடிகாரத்தோடு. கடிகாரத்தை ஒட்டிய எலும்பு ஊதிப் பெருத்து, ஒரு பக்கம் கரைந்துபோய்க் கிடந்தது.

“குழந்தையோட விஷயத்தைப் போன்லயே சொல்லியிருப்பேம்மா. வரச் சொன்னது இந்தக் கைக்காக. இதுல இருக்கிறது தண்ணி மாதிரி தெரியல, துளி சதை எடுத்துப் பாக்கணும். சீக்கிரமே கண்ணுல பட்டதால கையைக் காப்பாத்திடலாம்னு நினைக்கிறேன். நல்லவேளை, நேத்து நீங்க வேற யாரையும் தொட விடல.”