ஜெயனிக்கு ஒரு பட்டு

சிவமலர் ஹெயார் டிரையரைப் பட்டின் மேல் இன்னும் கிட்டப் பிடித்தாள். காய வேண்டும். அக்னெஸ் அக்கா படியேறி வருவதற்குள் காய்ந்துவிட வேண்டும்.

சட்டத்தில் இழுத்துக் கட்டிய பட்டில், அவள் வரைந்த காட்டு வாத்து ஒன்று சிறகை விரித்து ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றின் நீலச் சாயம் அதன் வெள்ளை வயிற்றுக்குள் புகுந்து, கழுத்துவரை ஏறியிருந்தது.

ஜன்னலால் எட்டிப் பார்த்தாள். அழுக்குப் பனி உருகி ஓடும் சென்ட் லோரன்ட் தெருவில் பஸ் வந்து நின்றது. ஊதா நிறக் குல்லாய் ஒன்று இறங்கியது.

இரண்டு நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது.

"என்ன பிள்ளை, வீடு முழுக்கப் புழுங்குது? ஹீற்றரைக் கூட்டி வைச்சிட்டீரோ?" சப்பாத்தைக் கழற்றியபடியே கேட்டாள் அக்னெஸ். நகரின் மறுகோடியான ரொக்ஸ்பரோவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு குரலில் இல்லை. "இந்தாரும், மீன் அடைச்சுச் சுட்ட பணிஸ். இறைச்சி றோல் சுடுவமெண்டால் தபசுகாலம். ஈஸ்டர் வரைக்கும் எங்களுக்கு இறைச்சியும் இல்லை, கொண்டாட்டமும் இல்லை."

சிவமலர் சட்டத்தை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தள்ளும், பாப்பம்."

"அக்கா… திரும்பவும் ஓடிட்டுது."

பட்டில் சாயம் ஓரிடத்தில் நில்லாது. அதை மறிப்பது உருவத்தின் விளிம்பில் இழுக்கும் பசைக்கோடு ஒன்றுதான்; அதில் ஊசிமுனை அளவு இடைவெளி இருந்தாலும் எல்லாம் போச்சு. பன்னிரண்டு வருடமாகக் கோடு பிசகாத கை சிவமலருடையது. இந்த ஒரு சால்வை மட்டும் ஜனவரியிலிருந்து மூன்று தடவை கெட்டுவிட்டது. இது நாலாவது.

ரொறொன்ரோவில் இருக்கும் தன் மகள் ஜெயனியின் கலியாணத்துக்கு என்று அக்னெஸ் வரையச் சொன்ன சால்வை அது. யாருக்கு வரைந்தாலும் அந்த ஆளின் குணத்தை விசாரித்து, அதற்குத் துணையாக ஓர் உயிரைத் தேர்ந்த பிறகுதான் சிவமலர் தூரிகையைத் தொடுவாள்.

"சாமியளுக்கே ஆளுக்கொரு வாகனம் இருக்கு. மனுசருக்கு ஒண்டு இருக்காதே, அக்கா?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

"எங்கட கோயிலிலை புறாவும் ஆட்டுக்குட்டியும்தான் பிள்ளை. எலியிலை ஏறிப்போற ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்று சிரித்த அக்னெஸ், கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "எங்க போனாலும் திரும்பி வாற ஒண்டாய்ப் போடும்."

அப்படி வந்ததுதான் வாத்து. குளிருக்குத் தெற்கே போய், வசந்தத்தில் தான் பிறந்த தண்ணீருக்கே திரும்பும் பறவை.

இப்போது அக்னெஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டின் மேல் குனிந்தாள். சிவமலர் ஏச்சுக்குக் காத்திருந்தாள். கலியாணம் பெப்ரவரியில் என்றிருந்தது. பிறகு மார்ச் கடைசிக்குத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள் என்று அக்னெஸ்தான் சொன்னாள். இன்னும் இரண்டே கிழமை.

"பரவாயில்லை" என்று நிமிர்ந்தாள் அக்னெஸ். "ஆனால் பிள்ளை, சொல்லுறன் எண்டு கோவிக்காதையும். உமக்குக் கண் மங்குது. அதுதான் கோடு விடுபடுது. திங்கக்கிழமை வெளிக்கிட்டு நில்லும், கண் டொக்டரிட்டை நான் கூட்டிக்கொண்டு போறன்."

"வேண்டாம் அக்கா."

"உமக்குப் பிரெஞ்சும் வராது. அங்க போய் 'பொன்ஜூர்' எண்டுபோட்டு முழிசிக்கொண்டு நிப்பீர். எனக்கும் வராதுதான். ரெண்டு பேருமாய் முழிசுவம்."

திங்கள் முதல் வெள்ளி வரை மருந்துத் தொழிற்சாலையில் காதடைப்பானை மாட்டிக்கொண்டு பெட்டி கட்டுகிறவள் சிவமலர். கணவர் இறந்த பிறகு அந்த வீட்டில் வாய் திறந்து கதைப்பது ரேடியோ மட்டும். அக்னெஸ் வரும் சனிக்கிழமை இரண்டு மணிக்குத்தான் அவளுக்குக் குரலே வரும்.

"என்ரை கண்ணுக்கு ஒண்டுமில்லை அக்கா. கோட்டை ஊசியாலை கீறி விட்டது நான். நாலு தரமும் நான்தான். கழுவினாலும் போகக்கூடாதெண்டுதான் இப்ப அவசரமாய்க் காய வைச்சனான்."

அக்னெஸ் கண்ணாடியைக் கழற்றினாள். "ஏன்?"

"முடிச்சுத் தந்தால் கொண்டு போயிடுவீங்கள். பேந்து ஏன் இஞ்சை வரப்போறீங்கள்?"

அக்னெஸ் கொக்கியில் தொங்கிய குளிரங்கியை எடுத்து ஒரு கையை நுழைத்தாள். சிவமலர் ஓடிப்போய் அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றாள்.

"ஏசுங்கோ அக்கா. நல்லா ஏசிப்போட்டுப் போங்கோ. இண்டைக்கே புதுப் பட்டு கட்டுறன். வேலைக்கு லீவு போட்டெண்டாலும் கலியாணத்துக்கு முதல் முடிச்சு, நானே ரொறொன்ரோவுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையின்ரை கையிலை குடுக்கிறன். விலாசத்தை மட்டும் தாங்கோ."

நுழைத்த கை அப்படியே நின்றது. அக்னெஸ் மெல்ல அதை வெளியே எடுத்தாள். அங்கியைப் பழையபடி கொக்கியில் மாட்டினாள். கதிரையை இழுத்துப் போட்டு, சிவமலரின் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

"ஜெயனிக்குப் போன ஓகஸ்டிலையே கலியாணம் முடிஞ்சுது பிள்ளை. எனக்குச் சொல்லேல்லை. பெப்ரவரி, மார்ச் எண்டதெல்லாம் இஞ்சை வந்து போக நானாய்ச் சொன்ன திகதியள்."