மாத்திரைக்குள் காற்று

கோதுமை வயலைத் தமயந்தி பார்த்ததே இல்லை. ஆனால் கோதுமை ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் வயிறு முறுக்கிப் படுத்துவிடுவாள். மூடிய கண்களுக்குள் மஞ்சள் கதிர்கள் அலையடிக்கும். இன்று அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. மருந்துக்கடை செல்லையா மாத்திரை அட்டையின் பொடியெழுத்தை லென்ஸ் வைத்துப் படித்தார்.

"ஸ்டார்ச்னுதான் போட்டிருக்கும்மா. மக்காச்சோளமா, கோதுமையான்னு போடல. கம்பெனிக்காரன் போனையும் எடுக்க மாட்டேங்கிறான்."

அவள் ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் காதருகே வைத்தாள். எங்கோ தொலைவில், விளைந்த கதிர்கள் காற்றில் உரசிக்கொண்டிருந்தன.

"அண்ணே, நீங்களே கேட்டுப் பாருங்க."

சிரித்துக்கொண்டே வாங்கிக் காதில் வைத்தார். சிரிப்பு மெல்ல அடங்கியது. லென்ஸைக் கீழே வைத்தார். மின்விசிறியை நிறுத்தினார். பிறகு வேறொரு கம்பெனியின் அட்டையை எடுத்து, எழுத்தைப் பார்க்காமலே ஒரு மாத்திரையைப் பிதுக்கிக் காதருகே கொண்டுபோனார்.